அண்ணன் உப்பு லாரியில் வந்த நாள்

அன்று காலை புதுச்சேரி ஆஸ்பத்திரி வாசலில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணி இருந்தார். அண்ணனின் மகன் பிரபு இருந்தான். அண்ணியின் தம்பி முருகன் இருந்தார். ஊர்த் தலைவர் கோதண்டம் மாமா இருந்தார். ஊர் ஆம்புலன்ஸின் இரண்டாவது டிரைவர் ஏழுமலை இருந்தான். தங்கை நான் இருந்தேன். ஸ்ட்ரெச்சரில் வெள்ளைத் துணிக்குள் அண்ணன் இருந்தார்.

எதிரில் ஊர் வண்டி நின்றது. அண்ணன் இத்தனை வருடம் ஓட்டிய ஆம்புலன்ஸ். ஊரிலிருந்து வந்த பிள்ளைகள் அதற்குள் அதன் முகப்பில் ரோஜா மாலை கட்டியிருந்தார்கள். அண்ணனை ஏற்றுவதற்காக ஏழுமலை பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தான். அழுதுகொண்டே பிடித்திருந்தான்.

அண்ணி சொன்னார், "கதவ சாத்து ஏழுமலை. அவரு இதுல வரமாட்டாரு."

இந்த முதலாம் ஆண்டு நினைவு மலரில் அண்ணனைப் பற்றி எழுதச் சொல்லி பிரபு கேட்டான். "படிச்சவங்க யாராச்சும் எழுதட்டும்டா" என்றேன். "அன்னிக்கி ரெண்டு பக்கமும் இருந்தது நீ மட்டுந்தான் அத்தை" என்றான். அது உண்மை. அதனால் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது மரக்காணம் உப்பளத்து ஓரக் குடியிருப்பில். அப்பா உப்பளக் கூலி. நாங்கள் இரண்டு பிள்ளைகள். அண்ணன் எட்டாவது படிக்கும்போது ஒரு வெயில் நாளில் அப்பா உப்புப் பாத்தியிலேயே விழுந்தார். கட்டிலில் போட்டு ரோட்டுக்குத் தூக்கி வந்தார்கள். வண்டி எதுவும் வரவில்லை. ரோட்டோரத்திலேயே முடிந்துபோனது. கட்டிலின் ஒரு காலைப் பிடித்திருந்தது அண்ணன்.

மறுவாரம் அப்பாவின் பலகையை எடுத்துக்கொண்டு அண்ணன் பாத்தியில் இறங்கினார். உப்பு வாருகிற பலகை. அதன் பிடி அவரைவிட உயரம். காலில் வெடிப்பு வந்தது. வெடிப்பில் உப்புத் தண்ணீர் ஏறினால் எப்படி இருக்கும் என்று எங்கள் ஊரில் சொல்லத் தேவையில்லை. அண்ணன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. என்னை மட்டும் பாத்தியில் கால் வைக்க விடவில்லை. என் கல்யாணம் ஆகிற வரைக்கும் விடவில்லை.

பிறகு உப்பு லாரியில் கிளீனர் ஆனார். அதன்பின் லைசென்ஸ் எடுத்து டிரைவர் ஆனார். பிரம்மதேசத்துக்குப் பெண் பார்க்கப் போன அன்று எங்களுக்கு பஸ் தவறிவிட்டது. அண்ணன் லோடு இறக்கிய லாரியிலேயே அம்மாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். அண்ணியின் அம்மா வெளியே வந்து லாரியைப் பார்த்தார். "போன வாரந்தான் மூட்டை வாங்கினோம். இப்ப உப்பு வேணாம்ப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போகத் திரும்பினார். அண்ணன் கீழே இறங்கி, "நாங்க உப்பு குடுக்க வரலீங்க. பொண்ணு கேக்க வந்திருக்கோம்" என்றார். உள்ளே அண்ணி சிரித்தது வெளியே கேட்டது. அன்றைக்கே பேசி முடித்தார்கள்.

குப்பத்து மீனவர்களும் உப்பளத்துக்காரர்களும் பணம் போட்டு ஒரு பழைய வேனை வாங்கி ஆம்புலன்ஸாக மாற்றினார்கள். அதற்கு டிரைவர் வேண்டும் என்றபோது அண்ணன் கையைத் தூக்கினார். லாரியில் வந்ததில் பாதிச் சம்பளம்தான். கைக்குழந்தை வேறு. ஆனால் அப்பாவின் கட்டிலைப் பற்றி அண்ணிக்குத் தெரியும். "போங்க, பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

வண்டி வந்த அன்று ஊர் ஊராக இல்லை. எல்லோரும் உள்ளே ஏறி இறங்கினார்கள். பிள்ளைகள் சைரன் கேட்டார்கள். அண்ணன் போட்டார். பிறகு பெரியவர்களும் கேட்டார்கள். கோதண்டம் மாமா ஸ்ட்ரெச்சரில் நீட்டிப் படுத்து, "சொகமாத்தாம்பா இருக்குது" என்றார். "எழுந்திருங்க மாமா, நெஜமாவே ஆயிடப்போவுது" என்றார் அண்ணன்.

முதல் மாதமே ஒரு தவறு நடந்தது. கடலில் மூழ்கிப்போன ஒருவரின் உடலை ஆஸ்பத்திரியிலிருந்து இந்த வண்டியில் கொண்டுவந்தார்கள். பெரியவர்கள் கேட்டதால் அண்ணனால் மறுக்க முடியவில்லை. அந்த வாரமே குப்பத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. வண்டி வாசலில் போய் நின்றது. அவள் ஏறவில்லை. "பொணம் ஏத்தின வண்டில என் புள்ளைய வச்சிக்கிட்டு ஏறமாட்டேன்" என்று வலியோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மீன் ஏற்றுகிற டெம்போவில்தான் போனாள். அனுமந்தை தாண்டுவதற்குள் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்திலேயே பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தது கடவுள் புண்ணியம். அதற்கப்புறம் அந்த வண்டியில் ஒருவரும் ஏறவில்லை. காய்ச்சல்காரர்கூட ஆட்டோ பிடித்தார்.

தோஷம் கழிக்க வேண்டும் என்று ஊர் முடிவு செய்தது. தோஷத்துக்கு உப்புத் தண்ணீர்தான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பாத்தியில் உப்பு இறங்கப்போகிற கெட்டித் தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து வண்டிக்குள் ஊற்றினோம். நானும் ஊற்றினேன். "இரும்புடி, அது இரும்பு" என்று அண்ணன் கத்தியது யார் காதிலும் விழவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் வண்டியின் தரை அரித்துப்போனது. ஒரு நாள் ஸ்ட்ரெச்சரின் சக்கரம் ஓட்டை வழியாக இறங்கி ரோட்டைத் தொட்டது. உப்பில் இரும்பு என்ன ஆகும் என்று எங்களைவிட யாருக்குத் தெரியும். தெரிந்தே ஊற்றினோம்.

புதுத் தகடு அடித்து வண்டி திரும்பிய அன்று அண்ணன் ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்றார். "இனிமே இதுல உசுரோட இருக்கறவங்களத்தான் ஏத்துவேன். செத்தவங்களுக்கு வேற வண்டி புடிங்க. வாடகை இல்லன்னா நான் தர்றேன். இது வராது" என்றார். அவர் கூட்டத்தில் பேசியது அந்த ஒரு தடவைதான்.

அந்தப் பேச்சை அவர் மீறியதில்லை. எங்கள் அம்மா ஆஸ்பத்திரியில் இறந்தபோதும் மீறவில்லை. அம்மா வாடகை வண்டியில் முன்னால் வந்தார். அண்ணன் ஊர் வண்டியைக் காலியாக ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தார். அன்றைக்குப் பிறகு பெண்கள் ஒவ்வொருவராக ஏற ஆரம்பித்தார்கள். பெண்கள் ஏறினால் பின்னால் துணைக்கு ஒரு பெண் வேண்டும். அண்ணன் எங்கள் வாசலில் வண்டியை நிறுத்தி, "சோத்த மூடி வச்சிட்டு வா" என்பார். நான் போவேன்.

அண்ணன் வெளியில் சாப்பிட்டதில்லை. அவர் வராமல் அண்ணி சாப்பிட மாட்டார். அதனால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் திரும்பும்போதுதான் அவருக்கு வேகம் வரும். "கேஸ் இருந்தா பாத்துப் போறான். பொண்டாட்டிகிட்ட போறப்ப பறக்கறான்" என்று ஊரில் கேலி செய்வார்கள். அண்ணன் சிரித்துக்கொள்வார். பிரபுவை பாலிடெக்னிக்கில் சேர்த்தார். எனக்கு ஆபரேஷன் நடந்தபோது என் பிள்ளைகளுக்குத் தலை வாரிப் பள்ளிக்கு அனுப்பினார். அவர் போட்ட பின்னல் கோணலாக இருக்கும். என் பெண் அவிழ்க்காமல் போவாள்.

போன வருடம் வெயில் காலத்தில் ஒரு நாள் விடியும்போது அண்ணனுக்கு நெஞ்சு வலித்தது. ஏழுமலை வண்டியை எடுத்தான். பின்னால் படுக்கச் சொன்னான். அண்ணன் முன் சீட்டில்தான் உட்கார்ந்தார். அண்ணியும் நானும் பின்னால். பாதி வழியில் அண்ணன் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. "ஏழுமலை, வண்டிக்குள்ள எனக்கு எதுவும் ஆயிடக் கூடாதுடா. அழுத்து" என்றார். ஏழுமலை அழுத்தினான். ஆஸ்பத்திரி வாசலில் அண்ணன் தானே கதவைத் திறந்து இறங்கினார். தரையில் கால் வைத்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே கட்டிலில்தான் உயிர் போனது.

அதற்குள் செய்தி ஊருக்குப் போய், பிரபுவும் மற்றவர்களும் வந்து, பிள்ளைகள் மாலையும் கட்டிவிட்டார்கள். அப்போதுதான் அண்ணி கதவைச் சாத்தச் சொன்னது.

முருகனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாக்கா பேசற. ஊருக்கு ஒழைச்ச மனுசன். அவரு வண்டில அவரு வரக் கூடாதா?"

கோதண்டம் மாமாவும் சொன்னார். "அம்மாடி, ஊரே பாத்துக்கிட்டு இருக்குது. இன்னிக்கி ஒரு நாளு யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க."

"எடுத்துக்க மாட்டாங்க மாமா. கும்புடுவாங்க. ஆனா நாளைக்கி யாரு ஏறுவா?"

மாமாவே போய் வண்டியின் பின் கதவைச் சாத்தினார்.

ஆஸ்பத்திரி ரோட்டில் எங்கள் ஊர் உப்பு லாரி ஒன்று லோடு இறக்கிவிட்டு நின்றது. அதன் டிரைவர் முன்பு அண்ணனோடு லாரி ஓட்டியவர். செய்தி கேட்டு வந்திருந்தார். அண்ணி அவரைப் பார்த்து, "அண்ணே, உங்க வண்டி ஊருக்குத்தானே போவுது?" என்றார்.

"லாரியிலயா?" என்று முருகன் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்ததும் லாரிலதான்" என்றார் அண்ணி.

லாரியில் பனை ஓலைப் பாயும் அதன்மேல் போர்வையும் விரித்தோம். அண்ணனை ஏற்றினோம். ஏழுமலையிடம் அண்ணி சொன்னார், "மாலைய அவுத்து அவரு மேல போடு. நீ முன்னாடி போ. பஸ் ஸ்டாண்டாண்ட வண்டிய நிறுத்து. நம்ம தெருவுக்குள்ள வராத. எடுக்கறப்பவும் வராத. கேஸ் வந்தா போ."

"அண்ணி, நான் அவரத் தூக்க ஒரு கை..."

"அதுதான்டா நீ குடுக்கற கை."

அவன் தனியாகப் போனான். நாங்கள் லாரியில் வந்தோம். ஊர் எல்லையில் கூட்டம் நின்றது. ஊர் வண்டி வரும் என்று காத்திருந்தவர்கள் லாரியைப் பார்த்ததும் முகம் சுளித்தார்கள். "ஏம்மா, ஆம்புலன்ஸ் இருக்க, மூட்டை மாதிரியா கொண்டாருவீங்க?" என்று ஒருவர் கேட்டே விட்டார்.

பிற்பகலில் அண்ணனை எடுத்தார்கள். பிரபு கொள்ளிச் சட்டியோடு முன்னால் நடந்தான். மேளம் முன்னால், பாடை பின்னால். எங்கள் வழக்கப்படி பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். நின்றோம். நாங்கள் தலைக்கு ஊற்றிக்கொள்ளக் குடங்களில் தண்ணீர் வைத்திருந்தார்கள். மேளம் உப்பளத்து ரோட்டில் திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போது சைரன் கேட்டது.

"பாரு, அண்ணனுக்கு மரியாதை பண்றான் புள்ள" என்றாள் பக்கத்தில் ஒருத்தி. ஆனால் வண்டி எங்கள்மேல் இடிக்கிற மாதிரி வந்து நின்றது. ஏழுமலை தலையை வெளியே நீட்டினான். "அக்கா, உப்பளத்துல ரேவதிக்கு வலி. புருசனுக்கு சோறு கொண்டுபோன எடத்துலயே வந்துட்டுது. புள்ளைக்குக் காலு முன்னாடி வருதாம். பொம்பளை யாராச்சும் ஏறுங்க."

யார் ஏறுவது. அங்கே நின்ற எல்லோரும் பிணத்தைக் கட்டி அழுதவர்கள்.

அண்ணி என்னைப் பார்த்தார். "நீ போ."

"கூடப்பொறந்தவ. தீட்டோட புள்ளத்தாச்சிய தொடலாமா?" என்றார் ஒரு அம்மா.

"கட்டிக்குடுத்த பொண்ணுக்கு மூணு நாளுதான் தீட்டு" என்றார் இன்னொருவர்.

"மூணு நாளு அந்தப் புள்ள உள்ள உக்காந்துகிட்டு இருக்குமா?" என்று கேட்டுக்கொண்டே அண்ணி ஒரு குடத்தைத் தூக்கி என் தலையில் கவிழ்த்தார். மூச்சு முட்டியது. "தலைக்கு ஊத்தியாச்சு. ஏறு."

ஏறினேன். ஈரப் புடவையோடு பின்னால் உட்கார்ந்தேன். ஏழுமலை எடுத்த எடுப்பில் என் முழங்கை கதவில் இடித்தது.

உப்பளத்து ரோடு ஒரு வண்டி போகிற அகலம்தான். இரண்டு பக்கமும் பாத்தி. ரோடு முழுக்க அண்ணனின் ஊர்வலம். எங்கள் ஊரில் பாடையை வழியில் இறக்கி வைக்கக் கூடாது, திருப்பக் கூடாது. சைரன் கேட்டுக் கூட்டம் திரும்பியது. ஏழுமலை கையை வெளியே நீட்டி உப்பளத்தைக் காட்டினான். கோதண்டம் மாமாவுக்குப் புரிந்துவிட்டது.

"பாத்தில எறங்குங்கடா" என்றார்.

"மாமா, பாடையோடயா? சேறு இருக்குது" என்றான் தூக்கியவர்களில் ஒருவன்.

"அவன் எறங்காத சேறாடா? எறங்கு."

இறங்கினார்கள். நான்கு பேரும் அண்ணனைத் தோளில் வைத்துக்கொண்டே வரப்பைத் தாண்டிப் பாத்தியில் இறங்கினார்கள். கணுக்கால் அளவு உப்புத் தண்ணீரில் நின்றார்கள். மேளக்காரர்கள் அடுத்த பாத்தியில் குதித்தார்கள். பிரபு கொள்ளிச் சட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான். ரோடு காலியானது. வண்டி பாய்ந்தது. ஜன்னலுக்கு நேராக அண்ணன் முகம் வந்து போனது. கை நீட்டினால் தொட்டிருக்கலாம்.

பின்னால் மேளம் மறுபடி எழுந்தது. அது சாவு அடியாக இல்லை. திருவிழாவில் தேர் நகரும்போது அடிக்கிற அடி. பாத்திக்குள் நின்ற பிள்ளைகள் விசில் அடித்தார்கள். அழுகை வரவில்லை. அந்த நேரத்தில் எனக்கு இருந்தது சந்தோஷம்தான். அதை மறைக்க மாட்டேன்.

உப்பளத்துக் கொட்டகையில் ரேவதி பாயில் கிடந்தாள். மாமியார் சரோஜா வண்டியைப் பார்த்ததும் குறுக்கே வந்து நின்றார்.

"ஏம்பா, டிரைவரு செத்துட்டாராமே. அவர இதுலதான் கொண்டாந்தீங்களா?"

"இல்லம்மா. லாரில கொண்டாந்தோம்" என்றான் ஏழுமலை.

"நெஜமா சொல்லு."

வரப்பில் நின்ற ஒரு கூலிக்காரர் சொன்னார், "லாரிதாம்மா. காலைல நாங்க எல்லாருந்தான் பாத்தோமே. இன்னாடா இது அநியாயம்னு பேசிக்கிட்டோமே."

சரோஜா விலகினார். பிறகு என் தலையைப் பார்த்தார். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "நீ யாரு?"

"அவரு தங்கச்சி" என்றேன்.

சரோஜா வாயைத் திறந்தார். அதற்குள் ரேவதி பாயிலிருந்து கத்தினாள், "யாரா இருந்தா இன்னா, ஏத்துங்க அத்தை, என்னால முடியல."

நான்கு கூலிக்காரர்கள் அவளைப் பாயோடு தூக்கி வரப்பில் நடந்தார்கள். ஒருவர் கால்கூட வழுக்கவில்லை. ஏற்றினோம். கதவைச் சாத்தினேன்.

திரும்பும்போது ஊர்வலம் சுடுகாட்டுக்குள் போய்விட்டிருந்தது. ரோடு காலி. மரக்காணம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வண்டிக்குள்ளேயே ஏறிப் பார்த்தார். "டாக்டர் வேணும், புதுச்சேரி போங்க" என்று சொன்னவர் இறங்கவில்லை. கூடவே வந்தார். வழியெல்லாம் ரேவதி என் ஈர முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உங்க அண்ணனுக்கு இன்னிக்கிதான..."

"ஆமா. நீ மூச்ச விடு."

அனுமந்தையில் யாரோ போன் செய்து சொல்லியிருக்கிறார்கள். பையன்கள் ரோட்டில் இறங்கி லாரிகளையும் பஸ்களையும் ஓரம் கட்டி வைத்திருந்தார்கள். ஏழுமலை ஒரு இடத்திலும் பிரேக் போடவில்லை. நர்ஸ் ஒரு கையால் பிள்ளையின் காலையும் மறு கையால் கம்பியையும் பிடித்திருந்தார். "இவன் எங்க கத்துக்கிட்டான் இப்பிடி ஓட்ட?" என்று என்னைக் கேட்டார்.

காலையில் நின்ற அதே வாசலில் போய் நின்றோம். வாட்ச்மேன் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "இன்னாம்மா, மறுபடியுமா?" என்றார் பாவமாக.

"இது வேற" என்றேன்.

பெண் குழந்தை. அழுவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டது. பிறகு ஆஸ்பத்திரியே கேட்கிற மாதிரி அழுதது. ஏழுமலை வராண்டாவில் தரையில் உட்கார்ந்து ஒரு டீ குடித்தான். அன்று அவன் வாயில் வைத்த முதல் பொருள் அதுதான்.

வீட்டுக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பிரபு மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தான். அண்ணி சுவரில் சாய்ந்திருந்தார். பிள்ளை என்ன என்று அவர் முதலில் கேட்கவில்லை.

"ஏறினாளா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் அவர் காலையிலிருந்து வைத்துக்கொண்டிருந்தார்.

"ஏறினா அண்ணி. பொண்ணு பொறந்திருக்குது. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

அண்ணி தலையை ஆட்டினார். "சாப்டியா?" என்றார்.

எங்கள் அண்ணனுக்கு அன்று உதவியவர்களுக்குக் குடும்பத்தின் சார்பில் நன்றி சொல்கிறோம். வாடகை வாங்க மறுத்த லாரி டிரைவர் அண்ணனுக்கு. தோளை மாற்றாமல் பாத்தியில் நின்ற நான்கு பேருக்கு. அந்தப் பாத்தியின் குத்தகைக்காரருக்கு. மறுநாள் வார இருந்த உப்பைக் கூட்டம் மிதித்துவிட்டது, அவர் ஒரு சொல் சொல்லவில்லை. மேளக்காரர்களுக்கு. அனுமந்தைப் பையன்களுக்கு. வண்டியை விட்டு இறங்காத நர்ஸ் அம்மாவுக்கு. என் கையில் மருமகளை ஒப்படைத்த சரோஜா அம்மாவுக்கு. கோபித்துக்கொண்டு பேசினாலும் லாரியில் அண்ணன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்த முருகனுக்கு. சுடுகாட்டுக்கு வர முடியாமல் போன ஏழுமலைக்கு.

இந்த மலர் அச்சுக்குப் போகும் முன் ஏழுமலையைக் கேட்டேன், அண்ணன் போன நாளிலிருந்து இந்த ஒரு வருடத்தில் நம் வண்டியில் எத்தனை பேர் ஏறினார்கள் என்று. ரேவதியை முதல் ஆளாக வைத்து எண்ணிச் சொன்னான்.

இருநூற்றுப் பதினொன்று.